எங்கள் எஞ்சினை எரித்துப் பார்க்க ஓர் இடம் கொடுங்கள்

இன்-ஸ்பேஸ் (தனியாரின் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் மத்திய அரசு அமைப்பு) தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் இறுதி ஆண்டு இயந்திரவியல் படிக்கிறேன். நண்பர்கள் ஏழு பேரோடு சேர்ந்து இரண்டு வருடமாக ஒரு சிறிய ராக்கெட் எஞ்சின் செய்து வருகிறேன். எத்தனாலும் திரவ ஆக்சிஜனும் எரியும். உந்துவிசை 1 கிலோநியூட்டன். எஞ்சின் தயார். எரித்துப் பார்க்கத்தான் இடமில்லை.

எரியறைக்குள் வெப்பம் 2,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சுவரின் செம்போ 1,085-லேயே உருகிவிடும். அதனால் எத்தனாலை முதலில் சுவரைச் சுற்றி ஓடவிட்டு, சூட்டை வாங்கிக்கொண்ட பிறகே உள்ளே போகும்படி செய்திருக்கிறோம். எரிபொருளையும் ஆக்சிஜனையும் அறைக்குள் பீய்ச்சும் துளைத்தகடான இன்ஜெக்டரில் தண்ணீர் விட்டுப் பார்த்தபோது ஒரு துளையின் தாரை கோணலாகச் சுவர்ப்பக்கம் போனது. தகட்டையே புதிதாகத் துளையிட்டோம். ஆக்சிஜன் குழாயில் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் தீப்பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு இணைப்பையும் கழற்றிக் கழுவியிருக்கிறோம்.

இதெல்லாம் எங்களால் முடிந்தது. ஆனால் பற்றவைப்பு ஒரு நொடி தாமதித்தாலும் எரிபொருளும் ஆக்சிஜனும் அறையில் சேர்ந்துவிடும். அப்புறம் தீப்பொறி பட்டால் எஞ்சின் வெடிக்கும். கான்கிரீட் சுவரும், தொலைவிலிருந்து மூடும் வால்வுகளும், இதைப் பலமுறை பார்த்த ஒரு பொறியாளரும் வேண்டும். கல்லூரி அனுமதி மறுத்தது; அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஒரு நண்பன் தன் ஊரில் பாழடைந்த செங்கல் சூளை இருப்பதாகச் சொன்னான். ராத்திரி முழுக்கப் பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தோம். எல்லா அணியும் அப்படியே முடிவெடுக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் மாணவர் அணிகள் போய்ச் சோதிக்கும் தளம் இருக்கிறது. இங்கிலாந்தில் அரசின் பழைய ராக்கெட் ஆய்வு நிலையம் இருந்த வெஸ்ட்காட்டில் மாணவர்களின் எஞ்சின்களை எரிக்கிறார்கள். நமக்குத் திருநெல்வேலி மாவட்டத்திலேயே, இஸ்ரோ தன் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி இருக்கிறது. தனியார் நிறுவனங்களுக்கு இஸ்ரோவின் கதவைத் திறந்துவிட்டவர்கள் நீங்கள்தான். ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த அக்னிகுல் என்ற தனியார் ராக்கெட் நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் எஞ்சினைப் பறக்கவிட்டது. அந்தக் கதவை எங்களுக்கும் கொஞ்சம் திறங்கள்.

வருடத்துக்கு இரண்டு வாரம், ஒரு சிறிய சோதனை மேடை. எங்கள் வரைபடங்களை முதலில் உங்கள் பொறியாளர்கள் பார்க்கட்டும். பிழை இருந்தால் திருப்பி அனுப்பட்டும், திருத்திக்கொண்டு வருகிறோம். எங்களுக்கு வேண்டியது ஐந்து நொடி எரிப்பு.

எஞ்சின் இப்போது பட்டறையில் ஒரு மரப்பெட்டிக்குள் பாலிதீன் சுற்றிக் கிடக்கிறது. மே மாதம் நாங்கள் படிப்பு முடித்துக் கிளம்பிவிடுவோம். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் மூன்று பேர் பொறுப்பேற்கிறார்கள். பதிலை அவர்களுக்கு அனுப்பினாலும் சரி.

இப்படிக்கு,
ஓர் இயந்திரவியல் மாணவன்