டீடெய்லர் வேறு, ஸ்ப்ரே வாக்ஸ் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், காரைப் புதிதுபோல் வைத்துக்கொள்வது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டயர், பேட்டரி பற்றிச் சொன்னதெல்லாம் சரி. பெயின்ட் பற்றிய பகுதியில் ஒரு வரிதான் உறுத்தியது. காரின் மேல் அடித்துத் துடைக்கும் ஸ்ப்ரேக்களான குயிக் டீடெய்லரும் ஸ்ப்ரே வாக்ஸும் ஏறக்குறைய ஒன்றுதான், எது கையில் இருக்கிறதோ அதை அடித்துத் துடைத்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள். நான் கார்களுக்குப் பெயின்ட் அடித்து, பஃபிங் செய்து, அதாவது மெஷினால் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பிழைப்பவன். அப்படித் துடைக்கப்பட்ட வண்டிகள் கடைசியில் வந்து நிற்பது எங்களைப் போன்றவர்களின் பட்டறையில்தான். அதனால் எழுதுகிறேன்.

பார்க்க இரண்டும் ஒரே மாதிரி பாட்டில், சில சமயம் வாசனைகூட ஒன்றாகவே இருக்கும். உள்ளே இருப்பது வேறு. குயிக் டீடெய்லரில் பெரும்பங்கு தண்ணீர். அதோடு வழுவழுப்பு தரும் பொருட்களும், அழுக்கைப் பிரித்தெடுக்கும் ரசாயனம் சிறிதளவும் சேர்ந்திருக்கும். மெல்லிய தூசிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் புகுந்து, தூசி உரசாமல் துணிக்குள் போக வழிசெய்வதே அதன் வேலை. துடைத்த பிறகு பெரிதாக எதையும் அது விட்டுவைப்பதில்லை. நல்ல மழை ஒன்று பெய்தால் அது தந்த மினுமினுப்பும் போய்விடும்.

ஸ்ப்ரே வாக்ஸின் வேலையே ஒரு படலத்தை விட்டுவைப்பதுதான். பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகையோ, சிலிக்கோன் சார்ந்த பாலிமர்களையோ அதில் நுண்துளிகளாகக் கலந்திருப்பார்கள். தண்ணீர் ஆவியானதும் மெழுகு பெயின்ட்டில் தங்கிவிடும். சில வாரங்கள் தாங்கும், நல்ல பராமரிப்பு இருந்தால் ஓரிரு மாதம்கூட நிற்கும். பறவை எச்சம் விழுந்தால் முதல் அடியை வாங்குவது அந்தப் படலம். அதற்காக எச்சத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து உடனே எடுத்துவிட வேண்டும்.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. அதன் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான் அளவுதான், தலைமுடியைவிட மெல்லியது. சாலைத் தூசியிலோ கண்ணாடியையே கீறக்கூடிய குவார்ட்ஸ் துகள்கள் இருக்கின்றன. தூசி படிந்த பானெட்டில் ஸ்ப்ரே வாக்ஸை அடித்துத் தேய்ப்பவர், அந்தத் துகள்களைத் துணியில் ஒட்டவைத்து கிளியர் கோட்டின் மேல் இழுக்கிறார். மீதித் தூசி மெழுகோடு சேர்ந்து அங்கேயே தங்கிவிடுகிறது.

இரவில் விளக்கடியில் நிற்கும் கறுப்புக் காரைக் கவனியுங்கள். பானெட்டில் விளக்கு பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். வட்டவட்டமாகத் துடைத்ததால் வந்தவை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. அவற்றில் ஒளிக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகிறது. டார்ச்சை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். அவற்றை எடுக்க நான் பஃபிங் மெஷினைப் பிடித்தால், கீறலின் ஆழம்வரை கிளியர் கோட்டைத் தேய்த்துக் குறைக்கிறேன் என்று பொருள். குறைந்தது குறைந்ததுதான். ஒரு காருக்கு ஆயுளில் இதைச் சில தடவைக்கு மேல் செய்ய முடியாது. கதவு விளிம்பு, பானெட் மடிப்பு போன்ற இடங்களில் பூச்சு இன்னும் மெல்லியது. அங்கே மெஷினை வைக்கவே எனக்குக் கை தயங்கும்.

எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், வண்டி மேல் இப்போது என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். நேற்றுக் கழுவிய வண்டியில் லேசாகத் தூசி, கைரேகை என்றால் டீடெய்லர். கழுவி முடித்த சுத்தமான வண்டி என்றால் ஸ்ப்ரே வாக்ஸ். நிறத்தையே மங்கவைக்கும் அளவுக்குத் தூசியோ, சேறோ இருந்தால் இரண்டையும் தொடாதீர்கள். தண்ணீரும் கார் ஷாம்பூவும்தான் வழி. ஒன்றுதான் வாங்குவேன் என்பவர் வண்டியை வெயிலிலும் மழையிலும் நிறுத்துபவராக இருந்தால் ஸ்ப்ரே வாக்ஸ் வாங்கட்டும். கூரைக்கடியில் நிறுத்தி, ஏற்கெனவே நல்ல மெழுகோ, செராமிக் கோட்டிங் என்ற நீண்ட நாள் தாங்கும் பாதுகாப்புப் பூச்சோ போட்டு வைத்திருப்பவருக்கு டீடெய்லரே போதும்.

பாட்டிலைவிடத் துணி முக்கியம் என்பேன். பழைய பனியன் துணி வேண்டவே வேண்டாம். அடர்த்தியான மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்துக்கொள்ளுங்கள். நிழலில், கைவைத்தால் சூடு தெரியாத பானெட்டில், சின்னப் பகுதியாக எடுத்து ஸ்ப்ரே அடியுங்கள். துணியை அழுத்தாமல், அதன் எடையிலேயே ஒரே திசையில் இழுங்கள். ஓர் இழுப்புக்குப் பிறகு திருப்பிப் பார்த்தால் சாம்பல் நிறக் கோடு தெரியும். தெரிந்ததும் அடுத்த மடிப்புக்குப் போய்விடுங்கள். பிறகு காய்ந்த இன்னொரு துணியால் மெதுவாக ஒரு தடவை துடைத்தால் திட்டுகள் இருக்காது. அந்தத் துணிகளை ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போட்டுத் துவைக்காதீர்கள். உறிஞ்சும் தன்மை போய்விடும்.

பெயின்டர் என்ற முறையில் ஒரு வேண்டுகோளும் உண்டு. சிலிக்கோன் கலந்த ஸ்ப்ரேக்களைப் பயன்படுத்தும் வண்டிக்கு ஒரு கதவு மட்டும் பெயின்ட் அடிக்க வேண்டி வந்தால், அதை முன்கூட்டியே பெயின்டரிடம் சொல்லிவிடுங்கள். துளி சிலிக்கோன் மிச்சமிருந்தாலும் புதுப் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி, குட்டிக்குட்டிப் பள்ளங்களாக நிற்கும். நாங்கள் ஃபிஷ் ஐ என்போம். பிறகு தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். அதேபோல், புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதியில் அடித்தவரைக் கேட்காமல் வாக்ஸ் போடாதீர்கள். பெயின்ட்டில் இருக்கும் கரைப்பான் முழுதும் வெளியேறச் சில வாரங்கள் வேண்டும். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் பெயின்ட் உள்ள வண்டிகளுக்கு இந்தப் பளபளப்பு வாக்ஸ்கள் ஆகவே ஆகாது. பிரேக் டிஸ்க்கில் எந்த ஸ்ப்ரேயும் படக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் அதே பக்கத்தில் ஒரு சின்னத் திருத்தம் போட்டால் பல வண்டிகள் தப்பிக்கும். கட்டுரையோடு வந்த படத்தில், உச்சி வெயிலில் நிற்கும் காரின் பானெட்டில் ஒருவர் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருக்கிறார். திருத்தம் போடும்போது தயவுசெய்து அந்தப் படத்தையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
கார் பெயின்டர் ஒருவர்