ஒட்டாவாக் குளிருக்கு எந்த ரயர்?

மொன்றியல்,
ஒக்ரோபர் 6

அன்புள்ள சிவா,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. வீடு சரிவந்ததும் சின்னவளுக்குப் புதுப் பள்ளிக்கூடம் பிடித்துப்போனதும் பெரிய சந்தோசம். ரொறன்ரோவை விட்டு வரவே மாட்டேன் என்று நின்ற உன் மனைவியே இப்போது கால்வாய்க் கரையில் நடக்கப் போகிறாராம் என்றால் இனி எனக்குக் கவலையில்லை. இரண்டு மணித்தியால ஓட்டத்தில் இருக்கிறாய். பழைய மாதிரி அடிக்கடி பார்க்கலாம்.

இங்கே எல்லோரும் நலம். அம்மா முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு தடி இல்லாமலே வீட்டுக்குள் நடக்கிறார். மூத்தவன் படிப்பு முடித்து வேலை தேடுகிறான். உனக்குத் தெரிந்த இடம் ஏதும் இருந்தால் சொல்லு.

சரி, உன் பிஎம்டபிள்யூ 530ஐ காருக்கு எந்த வின்ரர் ரயர் போடலாம் என்று கேட்டிருந்தாயே, அந்த விசயம். ஒரு கடையில், நல்ல காருக்கு நல்ல ரயர்தான் போட வேண்டும் என்று இப்போது இருக்கும் 19 அங்குல அளவிலேயே அதிவேக வகை வின்ரர் ரயரைக் காட்டினார்கள் என்றும், இன்னொரு கடையில், நாலு சில்லும் இழுக்கும் எக்ஸ்டிரைவ் கார்தானே, ஓல்-சீசன் போதும் என்றார்கள் என்றும் எழுதியிருந்தாய். இரண்டுமே உனக்குச் சரிவராது என்று நினைக்கிறேன். காரின் பெயரை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சனவரி மாதம் காலை ஏழு மணிக்கு நீ கியூபெக் பக்கம் போகும் கற்றினோப் பாலம் ஏறும்போது அந்த வீதி எப்படி இருக்கும் என்பதை வைத்து ரயரைத் தெரிவு செய்.

முதலில் அந்த ஓல்-சீசன் கதை. நாலு சில்லும் இழுத்தால் கார் கெதியாகப் புறப்படும், அது உண்மை. ஆனால் நிற்பதற்கு எல்லாக் காருக்கும் நாலு பிறேக்தான், நாலு ரயர்தான். 530ஐ பாரமான கார் வேறு. சுகமாகப் புறப்படுவதால் வீதி நல்லாயிருக்கிறது என்று மனம் நம்பிவிடும். பிறகு சிவப்பு விளக்கில் பிறேக்கை மிதிக்கும்போதுதான் பனிக்கட்டி தெரியும். அதுதான் எனக்குப் பயம்.

ரப்பர் குளிரில் இறுகும். ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே போனாலே சாதாரண ரயரின் பிடி குறையத் தொடங்கும் என்பார்கள். ஒட்டாவாவில் மைனஸ் 20 புதினமே இல்லை. அந்தக் குளிரில் கோடை ரயர் தாரில் வழுக்கும் அளவுக்கு இறுகிப்போயிருக்கும். வின்ரர் ரயரின் கலவையில் சிலிக்கா நிறையச் சேர்த்து, அந்தக் குளிரிலும் மெதுமையாக இருக்கச் செய்கிறார்கள். அப்புறம், ரயரின் மேற்பரப்பு முழுக்க மெல்லிய கீறல்கள் இருக்கும். பனிக்கட்டியில் வழுக்குவதற்கு அதன் மேல் படியும் மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒரு முக்கிய காரணம். அதனால்தான் மைனஸ் 20இல் இருக்கும் ஐசைவிட, பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஈரமாகப் பளபளக்கும் ஐஸ் ஆபத்தானது. அந்தக் கீறல்கள் தண்ணீரை இழுத்து ஒதுக்கி, விளிம்புகளால் கட்டியைக் கவ்வும். பிறிட்ஜ்ஸ்ரோன் நிறுவனத்தின் பிளிசாக் ரயரில் ரப்பருக்குள்ளேயே நுண்ணிய துளைகள் வைத்திருப்பதும் இதே வேலைக்குத்தான். ஒட்டாவாப் பள்ளத்தாக்கில் உறைமழை எவ்வளவு பெய்யும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. 1998 சனவரியில் அது உன் ஊரையும் என் ஊரையும் சேர்த்து இருட்டில் போட்டது. மழையாக விழுந்து தரையில் கண்ணாடியாகும் நாள்களை நினைத்துத்தான் ரயர் வாங்க வேண்டும்.

ரயரின் பக்கச் சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் இருக்கிறதா என்று பார். வெறும் எம்+எஸ் (சேறும் ஸ்னோவும்) என்று மட்டும் இருந்தால் அது தவாளிப்புகளின் அமைப்பைப் பற்றிய அடையாளம், பனியில் சோதித்து வாங்கியது அல்ல. கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த மலைச் சின்னம் உள்ள ரயரோ ஆணி ரயரோ கட்டாயம். உன் கார் ஒன்ராறியோவில் பதிந்தது, அந்தச் சட்டம் உன்னைப் பிடிக்காது. ஆனால் பாலத்தின் இரண்டு பக்கமும் ஐஸ் ஒன்றுதான். ஒன்ராறியோவில் 2016இலிருந்து வின்ரர் ரயருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுக்க வேண்டும். உன் முகவரிடம் கட்டாயம் கேள்.

அந்தச் சின்னத்தையும் அளவோடுதான் நம்ப வேண்டும். அதற்கான சோதனை, இறுகிய ஸ்னோவில் கார் முன்னே போக எவ்வளவு பிடிக்கிறது என்பதை மட்டும்தான் அளக்கிறது. ஒப்பீட்டு ரயரைவிட 10 சதவீதம் கூட இருந்தால் சின்னம் கிடைத்துவிடும். ஐசில் பிறேக் பிடிப்பதை அது பார்ப்பதில்லை. அதனால் ஒரே சின்னத்தோடு மூன்று வகை ரயர் விற்கிறார்கள். முதல் வகை, மிஷெலின் குறொஸ்கிளைமேற் 2 போன்ற ஓல்-வெதர் ரயர்கள் (அந்தக் கடை சொன்ன ஓல்-சீசன் வேறு), வருசம் முழுக்கப் போடலாம். ரொறன்ரோவில் வேலையை விட்டு ஓய்வாக இருக்கும் ஒருவருக்கு நான் அதையே சொல்லுவேன். முதல் கடை காட்டியது இரண்டாவது வகை: பைலற் அல்பின், சொற்றோசீரோ போன்றவை. ஜெர்மனியில் குளிரும் மழையுமான நெடுஞ்சாலையில் 200இல் போகிறவனுக்காகச் செய்தவை. வளைவில் உறுதி, ஈரத்தில் அருமை. ஆனால் உனக்கு வேண்டியது மூன்றாவது வகை, வடநாட்டு ஐசுக்கென்று செய்தவை: மிஷெலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ, பிறிட்ஜ்ஸ்ரோன் பிளிசாக் டபிள்யூஎஸ் வரிசை, கொன்ரினென்ரல் வைக்கிங்கொன்ராக்ற், நோக்கியன் ஹக்காபெலிட்டா ஆர் வரிசை. நோக்கியன் பின்லாந்துக்காரர், 1934இலேயே வின்ரர் ரயர் செய்தவர்கள். இவற்றில் எதை எடுத்தாலும் நான் சந்தோசப்படுவேன். என் காரில் எக்ஸ்-ஐஸ்தான். தேய்வு மெதுவாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதில் நீ இழப்பதும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். காய்ந்த ஹைவேயில் ஸ்ரியறிங் கொஞ்சம் மந்தமாக இருக்கும். அந்தக் காரின் கூர்மைக்காகத்தானே ஆசைப்பட்டு வாங்கினாய். ரயர் தாங்கும் உச்ச வேகத்தைக் காட்டும் எழுத்தும் இறங்கும். பலவற்றில் 'ரி', அதாவது 190 கிலோமீற்றர். 417 நெடுஞ்சாலையில் உனக்கு அது தாராளம். நாலு மாதத்துக்குக் கூர்மையை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

இனி அளவு. உன் காரில் முன்னுக்கு 245/40ஆர்19, பின்னுக்கு 275/35ஆர்19 என்று எழுதியிருந்தாய். முதல் எண் மில்லிமீற்றரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம், கடைசி எண் அங்குலத்தில் றிம். முன்னும் பின்னும் வேறு அளவு என்பதால் ரயரை மாற்றி மாற்றிப் போட்டுத் தேய்வைச் சமப்படுத்த முடியாது. அதோடு பின்னுக்கு அவ்வளவு அகலம் ஸ்னோவுக்குக் கூடாது. அகல ரயர் ஸ்னோவின் மேல் ஏறி மிதக்கப் பார்க்கும், ஒடுங்கிய ரயர் வெட்டிக்கொண்டு தரையைத் தேடும். வின்ரருக்குத் தனியாக நாலு றிம் வாங்கி, நாலிலும் 225/55ஆர்17 போடு. மொத்த உயரம் ஒரு சில மில்லிமீற்றர்தான் வித்தியாசப்படும், வேகமானி பிழைக்காது. முன் ரயரின் பக்கச் சுவர் 98 மில்லிமீற்றரிலிருந்து 124 ஆகும். மார்ச் மாதக் குழிகளில் அந்த ஓர் அங்குல ரப்பர்தான் உன் றிம்மைக் காப்பாற்றும். ரயர் விலையும் இறங்கும். ஆனால் வாங்க முன்பு 17 அங்குல றிம் முன் பிறேக்குக்கு இடம் விடுகிறதா என்று வடிவாகப் பார்க்க வேண்டும். பெரிய பிறேக் பூட்டியிருந்தால் 245/45ஆர்18க்குத்தான் போகலாம். ரயர் தாங்கும் பாரத்தைக் காட்டும் சுட்டெண் கதவுத் தூண் ஸ்ரிக்கரில் உள்ளதைவிடக் குறையவே கூடாது. காற்றழுத்த சென்சரும் புது றிம்முக்கு வேண்டுமா என்று கேள்.

உன் கார் ரன்-பிளாற்றில் வந்திருக்கும். காற்று முழுக்கப் போனாலும் 80 கிலோமீற்றர் வேகத்தில் 80 கிலோமீற்றர் தூரம் போகலாம் என்பது அதன் கணக்கு. ஐஸ் வகையில் ரன்-பிளாற் தெரிவு மிகக் குறைவு. சாதாரண ரயருக்கே போகலாம். ஆனால் காரில் மாற்றுச் சில்லு இல்லை என்பதை மறக்காதே. சின்னக் கொம்பிரசரும் ஓட்டை அடைக்கும் பசையும் டிக்கியில் கிடக்கட்டும்.

காசை மிச்சம் பிடிக்க இரண்டு ரயர் மட்டும் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மச்சான். முன்னுக்கு மட்டும் போட்டால் பின்பக்கம் வளைவில் சுழன்று வரும். பின்னுக்கு மட்டும் போட்டால் திருப்ப முடியாது, நிறுத்தவும் முடியாது. எக்ஸ்டிரைவில் சில்லுகளின் சுற்றளவு வேறுபட்டால் முன்னும் பின்னும் விசையைப் பிரிக்கும் பெட்டிக்கும் கேடு. அதைத் திருத்துகிற செலவில் பல செற் ரயர் வாங்கலாம்.

வாங்கும்போது பக்கச் சுவரில் டொற் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பார். 3524 என்றால் 2024ஆம் வருசம் 35ஆவது கிழமை செய்தது. பழைய சரக்கைத் தள்ளுபடிக்கு எடுக்காதே. தவாளிப்பின் ஆழம் தேய்ந்து 4 மில்லிமீற்றருக்கு வந்தால் ஸ்னோவில் ஓடாதே என்று கனடாப் போக்குவரத்துத் துறையே சொல்கிறது, தேய்வு அடையாளம் தெரியும் 1.6 மில்லிமீற்றர் வரை காத்திருக்கக் கூடாது. பூட்டி 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார். வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்க ஒரு பிஎஸ்ஐ அளவு காற்றழுத்தமும் இறங்கும், அதனால் டிசம்பரில் மாதம் ஒருமுறையாவது காற்றைப் பார்க்க வேண்டும்.

இந்த மாதத்துக்குள்ளேயே நேரம் குறித்துவிடு. முதல் ஸ்னோ விழுந்தபின் எல்லோரும் ஒரே நாளில் கராஜுக்கு ஓடுவார்கள், உனக்கு இரண்டு கிழமைக்குப் பிறகுதான் இடம் கிடைக்கும். கதவுத் தூண் ஸ்ரிக்கரையும் முன் பிறேக்கையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. இங்கே எனக்குத் தெரிந்த கராஜில் றிம்மோடு சேர்த்து விலை கேட்டுச் சொல்கிறேன். ஒட்டாவாவில் அதைவிட மலிவாகக் கிடைத்தால் அங்கேயே பூட்டு. இல்லையென்றால் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு வா. கார் கராஜில் நிற்க, நாங்கள் வீட்டில் இருந்து சாப்பிட்டுக் கதைக்கலாம். அம்மாவும் உன்னைக் கேட்டபடியே இருக்கிறார்.

அன்புடன்,
குமார்