அந்தப் படுதாவை எடுத்துவிடு

கவென்ட்ரி
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. தினமும் பத்துப் படி ஏறி இறங்கச் சொல்லி தங்கச்சி விரட்டுவதாக எழுதியிருந்தாய். அவள் பேச்சைக் கேள். வலிக்கிறதே என்று காலை நீட்டி உட்கார்ந்துவிட்டால் மூட்டு அப்படியே இறுகிப்போகும்.

இங்கே எல்லாரும் நலம். எனக்கு மார்ச்சோடு வேலை முடிந்தது. மகள் பிரிஸ்டலில்தான் இருக்கிறாள், மாதம் ஒரு தடவை வந்துபோகிறாள். உன் பையன் கல்யாணத்துக்கு ஜனவரியில் இரண்டு பேரும் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். கடைசியில் உன் ஆர்.டி. 350 மோட்டார் சைக்கிளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே: "ஆர்.டி. ஷெட்டில்தான் கிடக்கிறது, படுதா போட்டுப் பத்திரமாக மூடி எட்டு வருஷம் ஆச்சு, நாற்பது வருஷத்து வண்டி, இனி என்னத்துக்கு, யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம்னு இருக்கேன்." அந்தப் 'பத்திரமாக' என்ற வார்த்தை மூன்று நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மூடி வைத்த வண்டி பத்திரமாக இருக்காது மாப்ளே. இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன், அதனால்தான் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன்.

என் சிவப்பு மஸ்டா கார் உனக்குத் தெரியும். 2009ல் நீ வந்தபோது ஹூடை, அதாவது மடக்குகிற துணிக்கூரையை, இறக்கிவிட்டு ஸ்ட்ராட்ஃபோர்டு வரை போனோமே, அதே எம்.எக்ஸ்.5. 1996 மாடல், 1.8 லிட்டர். 2003ல் வாங்கும்போது 61 ஆயிரம் மைல் ஓடியிருந்தது. இன்று 2 லட்சத்து 14 ஆயிரம். நம் கணக்கில் கிட்டத்தட்ட 3 லட்சத்து 44 ஆயிரம் கிலோமீட்டர். இதைச் சொன்னால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "இன்ஜின் எத்தனை தடவை இறக்கினீங்க?" ஒரு தடவைகூட இல்லை. ஹெட்டைக்கூடத் திறந்ததில்லை. போன மாசம்தான் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் 170 பி.எஸ்.ஐ.யை ஒட்டியே நிற்கிறது, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. இரும்பு பிளாக், அதிகம் முறுக்கிப் பிழியாத இன்ஜின். ஐயாயிரம் மைலுக்கு ஒரு தடவை ஆயில், அறுபதாயிரத்துக்கு ஒரு தடவை டைமிங் பெல்ட், பெல்ட் மாற்றும்போதே வாட்டர் பம்ப். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் போய் வால்வை இடிக்காது. அதற்காக நான் தள்ளிப்போட்டதில்லை, நடுராத்திரியில் மோட்டார்வேயில் நிற்க யாருக்கு ஆசை. ஆயில் பழசானால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வால்வு மேலிருந்து தையல் மிஷின் மாதிரி ஒரு சத்தம் வரும். புது ஆயில் ஊற்றினால் இரண்டு நாளில் அடங்கிவிடும். ரேடியேட்டர் மேலே கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறதே, அதன் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கறுப்பு மங்கிப் பழுப்பாக மாறினால் பிளாஸ்டிக் வெந்துவிட்டது, சீக்கிரம் விரியும். இரண்டு தடவை அந்த நிறத்தைப் பார்த்தே முன்கூட்டி மாற்றியிருக்கிறேன்.

ஓட்டத்தால் இந்த வண்டிக்கு வந்த செலவு அவ்வளவுதான். நான் அழுத இடம் வேறு.

இங்கே எம்.ஓ.டி. என்று ஒரு சோதனை உண்டு, நம்மூரில் வாடகை வண்டிக்கு எஃப்.சி. காட்டுவது மாதிரி. மூன்று வயது தாண்டிய சொந்தக் காரையும் வருஷா வருஷம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். 2016ல் காட்டப் போனேன். சோதனை செய்கிறவர் வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டு, கையில் ஒரு சின்னச் சுத்தி மாதிரிக் கருவியை வைத்துக் கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டித் தகரத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். சில் என்பார்களே, அதுதான். முன்பக்கம் 'டிங் டிங்' என்றது. பின் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் வந்ததும் 'டொப்' என்றது. இன்னொரு தட்டுத் தட்டினார். கருவியின் முனை உள்ளே போய்விட்டது. சீட் பெல்ட் பிடிப்பிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகரம் துருவேறி ஓட்டை விழுந்தால் பாஸ் போட மாட்டார்கள். ஃபெயில்.

அதற்கு ஐந்து வருஷம் முன்புதான் ஒரு பட்டறையில் அதே இடத்தில் துரு இருக்கிறதென்று காட்டி, வெட்டி எடுத்து வெல்டிங் வைத்ததாகச் சொல்லிப் பணம் வாங்கியிருந்தார்கள். வெல்டிங்கே இல்லை. துருவின் மேலேயே பட்டி பூசி, அதன் மேல் தார் மாதிரிக் கறுப்புப் பூச்சு அடித்து மறைத்திருந்தார்கள். அந்த ஐந்து வருஷமும் துரு உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டு இருந்திருக்கிறது. என் மகள் அந்த வண்டியில்தான் கியர் போடக் கற்றுக்கொண்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வெல்டர், தன் வீட்டு ஷெட்டில் எனக்காகச் செய்துகொடுத்தார். வெளித்தகரத்தை அவர் வெட்டி எடுத்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். உள்ளே ஒரு பிடி ஈர மண். தொட்டுப் பார்த்தேன், மண் இல்லை. மக்கிப்போன இலைத்தூளும் பிர்ச் மர விதையும். எங்கள் வீட்டு வாசலில் பிர்ச் மரம் நிற்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அதன் விதை கேழ்வரகைவிடச் சின்னது, காற்றில் பறந்து எங்கே வேண்டுமானாலும் நுழையும். இந்த வண்டியில் ஹூடு மேல் விழுகிற மழைத்தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்காலில் இறங்கி, இரண்டு பக்கமும் விரல் கனத்துக் குழாய் வழியாகப் பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் போய் விழ வேண்டும். அந்தக் குழாய் வாயில் விதை அடைத்துக்கொண்டது. தண்ணீர் வழிந்து சில்லுக்குள் போய்த் தங்கிவிட்டது. போதாக்குறைக்குக் குளிர்காலத்தில் ரோட்டில் போடுகிற உப்பு கீழே இருந்து. கூரை இல்லாத வண்டிக்கு சில்தான் முதுகெலும்பு மாப்ளே. இன்ஜின் போனால் இன்னொரு இன்ஜின் வாங்கி மாட்டலாம். பாடி போனால் வண்டி போச்சு.

இரண்டு பக்கமும் வெட்டி, புதுத் தகரம் வைத்து, உள்ளே மெழுகு எண்ணெய் பீய்ச்சி முடிக்க நான்கு மாசம், 1,100 பவுண்டு. அன்றிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு சொம்புத் தண்ணீரை அந்த வாய்க்காலில் ஊற்றிவிட்டு, கீழே படுத்துப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒழுகினால் நிம்மதி. ஒரு பக்கம் சுணங்கினால் வளைகிற பிளாஸ்டிக் நரம்பு விட்டு மெதுவாகத் துழாவுவேன். கம்பி விடக் கூடாது, குழாயைக் குத்திக் கிழித்துவிடும்.

அடுத்தது 2020. ஊரடங்கு. எம்.ஓ.டி.க்குக்கூட ஆறு மாசம் தள்ளிக் கொடுத்திருந்தார்கள். நானும் வண்டிக்கு நல்ல உறை வாங்கிப் போட்டு, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, உன்னை மாதிரியே 'பத்திரமாக' நிறுத்திவைத்தேன். ஐந்து மாசம். எடுக்கப் போனால் பேட்டரி செத்துக் கிடந்தது. இடது பின்சக்கரம் சுற்றவில்லை. காலிப்பர் இறுகி, பிரேக் பேட் டிஸ்க்கோடு ஒட்டியிருந்தது. கிளட்ச்சை மிதித்தால் மெத்தையை மிதித்த மாதிரி உள்ளே போய்த் திரும்பி வரவில்லை. கீழே கிளட்ச்சைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டர் கசிந்து கியர்பாக்ஸ் ஓரமெல்லாம் ஈரம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், அது உனக்குத் தெரிந்ததுதான். ஓடிக்கொண்டிருந்தால் பிரேக்கிலும் கிளட்ச்சிலும் இருக்கிற பிஸ்டன் தினமும் நகர்ந்து நகர்ந்து சுவரைத் துடைத்துக்கொள்ளும். நின்றால் அந்த ஈரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து அரிக்கும். அதுவரை ஓடிய மைல் அத்தனையும் செய்யாத கெடுதலை அந்த ஐந்து மாசம் செய்தது. அதற்குப் பிறகு பத்து நாளைக்கு மேல் நான் அதை நிற்க விட்டதில்லை. குளிர்காலத்திலும் ரோடு காய்ந்த நாளாகப் பார்த்து இருபது மைல் ஓட்டுவேன், ஆயில் நன்றாகச் சூடேறும் வரை. உப்பு போட்டிருந்தால் வந்ததும் அடிப்பக்கம் முழுக்கத் தண்ணீர் அடித்துவிடுவேன்.

ஒரு சந்தோஷமான விஷயமும் சொல்கிறேன். போன வருஷம் மூன்றாவது கியர் விழும்போது ஒரு தளர்ச்சி தெரிந்தது, கையில் சூடும் அடித்தது. கியர் கம்பியைச் சுற்றி மூன்று போல்ட்தான். கழற்றி மேலே தூக்கினால், அடியில் இருந்த ரப்பர் பூட் கிழிந்து கிடந்தது. அதனால்தான் சூட்டுக்காற்று மேலே வந்திருக்கிறது. கம்பியின் நுனியில் விரல் கவசம் மாதிரி ஒரு சின்ன நைலான் கிண்ணம் இருக்கும். அது இரண்டாகப் பிளந்திருந்தது. அது ஊறி நிற்க வேண்டிய குழியில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. புதுக் கிண்ணம், புது ரப்பர், குழி நிறைய ஆயில். முப்பது பவுண்டுகூட ஆகவில்லை, ஒரு மணி நேர வேலை. சாயங்காலம் எடுத்துப் போனேன். இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளினால், கேரம் காய் குழிக்குள் விழுகிற மாதிரி 'டக்'. 28 வருஷத்து வண்டி மாப்ளே! சாலையோரம் நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைத்து, சும்மா உட்கார்ந்து கியரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஊரில் இருந்துகொண்டு இந்த வண்டியை வைத்திருப்பதில் எனக்கு இன்னொரு நிறைவும் உண்டு. மஸ்டாவில் பெரிய பொறியாளராக இருந்த கெனிச்சி யமமோட்டோ, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் திறந்த காரை ஜப்பானின் ஹகோனே மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்ததிலிருந்துதான் இப்படி ஒரு சின்ன வண்டி வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு வலுத்தது என்பார்கள். அந்த ஸ்பிட்ஃபயரைச் செய்தது இங்கே கேன்லியில். வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அந்த ஃபாக்டரி இப்போது இல்லை. ஆனால் அதைப் பார்த்து 1989ல் ஜப்பானில் செய்யத் தொடங்கிய எம்.எக்ஸ்.5, 2016ல் பத்து லட்சம் வண்டிகளைத் தாண்டியது. 2017ல் மஸ்டாவே முதல் தலைமுறை வண்டிக்குப் பழைய பார்ட்ஸை மறுபடி செய்யப்போவதாக அறிவித்தது. ஹூடு துணி, மரத்தில் செய்த நார்டி ஸ்டீயரிங், பழைய வார்ப்பிலேயே பிரிட்ஜ்ஸ்டோன் டயர்கூட. செய்தவர்களே கைவிடாத வண்டி.

ஆர்.டி.க்கு அப்படி யாரும் இல்லை என்பாய். உண்மைதான், யமஹா வடிவத்தை நம் நாட்டில் ராஜ்தூத் 350 என்று செய்த எஸ்கார்ட்ஸ் கம்பெனி அதை நிறுத்தியே முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் உன் வண்டி 1984 ஹை டார்க், அதாவது அதிக இழுவிசை மாடல், 30.5 குதிரைசக்தி. சென்னைப் பக்கம் ரேஸ் நடந்த சோழவரம் ரன்வே ஓரத்தில் வெயிலில் நின்று, அதே வண்டிகள் போகிற சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டது எனக்கு மறக்கவில்லை. நாம் திரும்பி வந்த ராத்திரி உங்கப்பாவிடம் நீ அதைக் கேட்டதும் மறக்கவில்லை. அதை எவனோ ஒருவன் வந்து பார்ட் பார்ட்டாகப் பிரித்து விற்க விடாதே.

எனவே இந்த வாரமே படுதாவை எடு. பையனையும் கூப்பிட்டுக்கொள். உன் வலது காலால் கிக்கரைத் தொடக் கூடாது, இது சத்தியம். முதலில் டேங்கிலிருக்கிற பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிடு. உள்ளே டார்ச் அடித்து எவ்வளவு துரு என்று பார். கார்புரேட்டர் கிண்ணம் இரண்டையும் கழற்றினால் கோந்து மாதிரி ஒட்டியிருக்கும், கழுவச் சொல். இரண்டு பிளக்கையும் எடுத்துவிட்டு ஓட்டை வழியாக 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கொஞ்சம் ஊற்றி ஒரு ராத்திரி ஊற விடு. மறுநாள் கிக்கரைக் கையாலேயே மெல்ல அழுத்து. நகர்ந்தால் பாதி ஜெயித்த மாதிரி. நகராவிட்டால் பலம் போடாதே, எனக்கு எழுது.

முக்கியமானது ஒன்று. ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று சந்தோஷத்தில் முறுக்கிவிடாதீர்கள். எட்டு வருஷம் நின்ற டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் சீல் என்கிற ரப்பர் வளையம் காய்ந்து இறுகியிருக்கும். அதன் வழியாகக் காற்று உள்ளே இழுத்தால் பெட்ரோல் கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். ஆயில் பம்ப் சரியாக ஊற்றுகிறதா என்பதும் தெரியாது. அது தெரிகிற வரை பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுங்கள். சீல் மாற்றக் கிராங்கை இறக்கித்தான் ஆக வேண்டும். சிங்காநல்லூர்ப் பக்கம் ஆர்.டி. தெரிந்த கைகள் இன்னும் இருக்கும், விசாரி. செலவு என்னுடையது. கல்யாணச் செலவுக்கு நடுவில் உன்னால் முடியாது என்று தெரிந்துதான் சொல்கிறேன், மறுத்து எழுதாதே.

சீல் அளவுக்கு நம்பர் தேடிப் பார்க்கிறேன். இங்கே பழைய யமஹா பார்ட்ஸ் வைத்திருக்கிற ஒரு பெரியவரைத் தெரியும். பிளக், பாயின்ட், வேறு என்ன வேண்டும் என்று பிரித்துப் பார்த்துவிட்டு எழுது. ஜனவரியில் வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வருகிறேன். கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, பாலக்காட்டு ரோட்டில் மதுக்கரை வரைக்கும் நான் ஓட்டுகிறேன், நீ பின்னால் உட்கார்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். படி ஏறுவதை நிறுத்தாதே.

உன்
மச்சான்