மன்னாரில் இருக்கும் அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

இதைப் பொதுவில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய எண்ணில் யாரோ ஒருவர் சிங்களத்தில் பேசுகிறார். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. உங்கள் அக்கா மகன் இந்தப் பக்கத்தைப் படிக்கிறான், அவன் சொல்லியாவது உங்களுக்குத் தெரியட்டும். வேறு யாரெல்லாம் படிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே இடத்தையோ ஆளையோ பெயர் சொல்லி எழுதவில்லை. உங்களுக்கு அது தேவையும் இல்லை.

நீங்கள் தில்லியை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு. ரோகிங்கியா அகதிகளின் குடியிருப்பில் நாம் சேர்ந்து வேலை பார்த்த அந்தத் திட்டத்திலிருந்து நான் விலகிவிட்டேன். புகார்ப் பதிவேட்டைப் பெயர்களோடு தர முடியாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டேன். கேட்டது யார் என்பது இங்கே வேண்டாம். நுழைவாயிலில் கேமரா, இரவில் காவலாள், கழிப்பறைப் பாதை முழுவதும் சூரிய விளக்கு, எல்லாம் தருகிறோம், வீடு வாரியாகப் பட்டியல் மட்டும் வேண்டும் என்றார்கள். யார், யார் மீது, என்ன புகார் சொன்னார் என்ற பட்டியல்.

விளக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்பு போட்ட ஒற்றை விளக்கின் கீழே என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். வெளிச்சம் வந்ததும் ஆண்கள் அங்கே சீட்டாட உட்கார்ந்தார்கள். அதுவரை இருட்டில் பயந்து போன பெண்கள், அதன்பிறகு அத்தனை பேர் பார்வையையும் கடந்து போக வேண்டியதாயிற்று. இருபது பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக, உள்ளே தாழ்ப்பாளோடு என்று உலகத்து உதவி நிறுவனங்கள் தங்களுக்கே விதி வகுத்து வைத்திருக்கின்றன. நம் பெண்கள் கேட்டதும் முதலில் தாழ்ப்பாளைத்தான். அதைத் தச்சரிடம் சொல்லி ஒரே பிற்பகலில் போட முடிந்தது. அதைக் கேட்பதற்கு ஒருவர் போய் உட்காரத்தான் அத்தனை காலம் ஆயிற்று.

புகார்ப் பெட்டி ஒன்றும் மாட்டினார்களே, தேநீர்க் கடைக்கு நேர் எதிரில். எழுதத் தெரியாதவர்கள் நடுவில், எல்லோரும் பார்க்கும் இடத்தில், சாவி அலுவலகத்தில். பெட்டி காலியாகவே இருந்தது. புகார் எதுவும் இல்லை என்று அறிக்கை போயிற்று. அந்த அறிக்கையை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அந்த மாலையைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

நீங்கள் நோட்டைத் திறந்த கணத்திலேயே பெண்கள் எழுந்துவிட்டார்கள். மூலை வீட்டுப் பெரியம்மா மட்டும் நகரவில்லை. "பெயர் எழுதுகிறாயா?" என்று இந்தியில் கேட்டார். எழுதுகிறேன் என்றீர்கள். நான் பதறினேன், கூட்டம் கலைந்துவிடும் என்று. நீங்களோ எழுதிய முதல் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, நோட்டை மூடி அவர் மடியில் வைத்தீர்கள். "இது உங்களிடம் இருக்கட்டும்." அவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "நாளைக்கு நீயே வந்து கேட்டால்?" என்றார். "தரக் கூடாது" என்றீர்கள்.

அதன்பிறகுதான், அந்த உடைந்த இந்தியில், தமிழ்நாட்டில் இலங்கை அகதிகள் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளைப் பற்றிச் சொன்னீர்கள். உங்கள் அம்மா களையெடுப்புக் கூலியை விட்டுவிட்டு ஓடி வந்து வரிசையில் நிற்பார் என்று. அதிகாரி தாமதித்தால் அன்றைய கூலி போயிற்று, அம்மா தாமதித்தால் உதவித்தொகைக்கே ஆபத்து என்று. 2016 மார்ச்சில் மதுரைப் பக்கம் உச்சப்பட்டி முகாமில் நடந்ததையும் சொன்னீர்கள்: மகனின் வருகையைப் பதியவில்லை என்று எழுந்த வாக்குவாதத்தில், தந்தை மின்கம்பத்தில் ஏறி உயிரை விட்டது. எழுந்து நின்ற பெண்களில் ஒருவர் திரும்ப உட்கார்ந்தார். எங்கள் ஊரிலும் வருவார்கள் என்றார். குடும்பப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஆள் எண்ணுவார்கள், அன்றைக்கு வீட்டில் இல்லாதவர் பெயரை அடித்துவிடுவார்கள், தன் தம்பியின் பெயர் அப்படித்தான் போயிற்று என்றார். மியான்மரின் ரக்கைனிலிருந்து வந்தவரும் மன்னாரிலிருந்து வந்தவரும் ஒரே வரிசையில் நின்றவர்களைப்போல் பேசிக்கொண்டிருந்தீர்கள். தில்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த எனக்கு அங்கே சொல்ல ஒன்றும் இல்லை. முதல் புகார் வந்தது அன்றைக்குத்தான்.

பிறகு தீ, குடிசைகளோடு நோட்டும் போயிற்று. அதைப் பற்றி நாம் இருவரும் போதும் போதும் என்கிற அளவுக்குச் சண்டையிட்டோம். ஒரு நகல் வெளியே இருந்திருக்க வேண்டும் என்று அன்றும் சொன்னேன், இன்றும் அதையேதான் சொல்கிறேன். நான் கத்திய விதத்துக்கு வருந்துகிறேன். சொன்ன விஷயத்துக்கு வருந்தவில்லை. "எரிந்தால் எரியட்டும், வேறு கைக்குப் போகவில்லையே" என்று நீங்கள் சொன்னபோது உங்கள் குரலில் பெருமை இருந்தது அண்ணா. எந்தக் குடிசையில் யார் இருந்தார் என்று நிரூபிக்கக் கைக்குழந்தைகளோடு நின்றவர்கள் அந்தப் பெண்கள். நீங்கள் அப்போது மண்டபம் முகாமுக்கும் சென்னைக்குமாகப் பயணப் பத்திரங்களுக்கு அலைந்துகொண்டிருந்தீர்கள். சொந்த மண்ணுக்குத் திரும்பும் ஒருவரைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். உரிமை இல்லாமலேயே குறை சொல்கிறேன்.

நகல் என்றால் அது அலுவலகத்தில்தான் இருக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. இது உங்கள் காதில் ஏறவே இல்லை. வங்கதேச முகாம்களில் எடுத்த ரோகிங்கியா மக்களின் விவரங்கள் எந்த அரசிடமிருந்து ஓடி வந்தார்களோ அதே மியான்மர் அரசிடம் போய்ச் சேர்ந்தன என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் 2021-இல் சொன்னது. மக்களின் சம்மதத்தோடுதான் நடந்தது என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் பதில் சொன்னது. சம்மதம் கேட்ட மொழி எது, மறுத்தால் அரிசி அட்டை கிடைக்குமா என்று தெரியாத நிலையில் தலையசைப்பவரின் சம்மதத்துக்கு என்ன பொருள் என்று அலுவலகக் கூட்டத்தில் கேட்டேன். அதே முகாம்களில் ரோகிங்கியா தலைவர் முகிபுல்லா வீடு வீடாகப் போய், கொல்லப்பட்டவர்களின் பட்டியலைத் தம் மக்களைக் கொண்டே எடுத்தார். அதற்கு மட்டும் மக்கள் தாங்களாகவே வந்து பெயர் கொடுத்தார்கள். அவரை 2021 செப்டம்பர் 29 அன்று முகாமுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு மார்ச்சில் அங்கே குட்டுபலாங் முகாம் பகுதியில் பற்றிய தீயில் பதினைந்து பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 45,000 பேர் வீடிழந்தார்கள். சுற்றிலும் போட்ட முள்வேலி தப்பி ஓடியவர்களைத் தடுத்தது. வேலியையும் பாதுகாப்பு என்று சொல்லித்தான் போட்டார்கள். இவ்வளவையும் சொன்னேன். உணர்ச்சிவசப்படுகிறேன் என்றார்கள்.

காவல் நிலையத்துக்குப் போகலாமே என்கிறார்கள். சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. குடிமக்களானாலும் இல்லாவிட்டாலும் உயிரைக் காப்பது அரசின் கடமை என்று அகதிகளாக வந்த சக்மா மக்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. ஆனால் 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத, அகதிகளுக்கென்று சட்டமே இல்லாத நாட்டில், தன்னைத் தொட்டவனைப் பற்றிச் சொல்லப் போகும் பெண்ணிடம் முதலில் விசா கேட்டால் அவள் எங்கே நிற்பாள்? அந்த அச்சம் தீராமல் எத்தனை கேமரா வைத்தாலும் அவள் வாய் திறக்க மாட்டாள்.

இப்போது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். இது உங்கள் யோசனையும் என் பிடிவாதமும் சேர்ந்தது, அதனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். பெண்கள் தங்களுக்குள் ஐந்து பேரைத் தேர்ந்தார்கள். பதிவேட்டில் பெயர் இல்லை, ஒவ்வொருவரும் தமக்கென்று சொன்ன குறி மட்டும். எந்தக் குறி யாருடையது என்று அந்த ஐவருக்கே தெரியும். நகல்கள் உண்டு, எங்கே என்று எழுத மாட்டேன். ஒவ்வொரு கூட்டத்திலும் முந்தைய புகார்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லியாக வேண்டும். ஒன்றும் ஆகவில்லை என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குறி வைத்தவரின் அனுமதி இல்லாமல் எதுவும் வெளியே போகாது. சீட்டாட்டக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பெரியம்மாவே போய்ப் பேசினார்.

அம்மா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். முனிர்க்கா அறையில் நீங்கள் வைத்துக் கொடுத்த சொதியைத் தானும் செய்து பார்க்கிறார், அந்த மணம் வரவில்லை என்கிறார். உங்கள் வீட்டுக் கிணறு தூர்ந்திருக்கும் என்று பயந்தீர்களே, என்ன ஆயிற்று? ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒரே ஒரு வரி.

இந்தக் கடிதம் எதற்கு என்று இதற்குள் ஊகித்திருப்பீர்கள். அன்றைக்குப் பேசிய பெண் இப்போது வெளியே பேசவும் தயாராக இருக்கிறார். வழக்கறிஞர் ஒருவரும் முன்வந்திருக்கிறார். நான் இதை எழுதுவது அந்தப் பெண்ணுக்குத் தெரியும், அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். எரிந்த நோட்டின் முதல் பக்கத்தில் நீங்கள் எழுதிய தேதியும், அவர் சொன்னதாக நீங்கள் எழுதிய சொற்களும் வேண்டும். பெரியம்மாவுக்கு மாதம் மட்டும்தான் நினைவிருக்கிறது, நான் கேட்டேனே தவிர எழுதவில்லை. எழுதியவர் நீங்கள். நினைவில் இருப்பதை உங்கள் கையெழுத்தில் எழுதி, கையொப்பமிட்டு அனுப்புங்கள். இங்கே பின்னூட்டத்தில் வேண்டாம், மின்னஞ்சலிலும் வேண்டாம். உங்கள் அக்கா மகன் அடுத்து சென்னை வரும்போது அவன் கையில் கொடுத்தனுப்புங்கள். நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை