காணி வாங்க நினைக்கும் தம்பிக்கு

அன்பின் தம்பி,

கிளிநொச்சிப் பக்கம், ஏ9 வீதி ஓரமாகப் பரந்தனில் வாங்குவதா, உருத்திரபுரம் பக்கம் உள்ளுக்குப் போவதா என்று கேட்டிருந்தாய். இடத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் அது என்ன காணி என்று கேள்.

உருத்திரபுரம், வட்டக்கச்சி எல்லாம் குடியேற்றத் திட்டத்தில் எழும்பிய ஊர்கள். அங்கே பல காணிகள் இன்னும் பெர்மிட் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. பெர்மிட்டுக்குப் பிறகு அரசு உரிமை எழுதிக் கொடுக்கும் அளிப்புப் பத்திரம் கிடைத்த காணிக்கும் சம்மதம் வேண்டும். "எல்லாரும் இப்பிடித்தான் வாங்கினம்" என்று தரகர் சொல்லுவார். வெள்ளைத்தாளில் எழுதி எத்தனை பேர் சாட்சிக் கையெழுத்து வைத்தாலும் அது உன் காணி ஆகாது. கட்டார் வெயிலில் நின்று உழைத்த காசு, அதை இப்படி விடாதே.

உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ள தனியார் காணி என்றால் காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவையாவது தேடிப் பார்க்க வேண்டும். பலருக்குப் பொதுவான பங்குக்காணியா என்பதையும் விசாரி. வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு அதை வாங்க முன்னுரிமை உண்டு. விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட கல்யாணமான பெண் என்றால் கணவனின் எழுத்துச் சம்மதமும் தேவை.

இன்னொன்று, இது எனக்கு மனதுக்குப் பெரிய விசயம். பற்றை மூடிய காணியை 'வெறுங்காணி' என்று காட்டுவார்கள். உள்ளே இறங்கி நட. இடிந்த கிணற்றுக்கட்டு இருக்கும், வரிசையாய் வைத்த நாலு தென்னை இருக்கும். யாரோ குடியிருந்த வளவு அது. இடம்பெயர்ந்தபோது உறுதியைத் தொலைத்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! 1983 மே முதல் 2009 மே வரை போரால் தங்கள் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்கள், வேறொருவர் அதில் நெடுநாள் இருந்துவிட்டார் என்பதால் அதை இழக்கக்கூடாது என்று 2016 இல் தனிச்சட்டமே கொண்டுவந்தார்கள். பக்கத்து வளவுக்காரரிடம் கேள், கிராம சேவையாளரிடமும் கேள். சொந்தக்காரர் கனடாவில் இருந்தாலும் அவருடைய வாயால் கேட்டபிறகு வாங்கு. இன்னொருவர் திரும்பி வர நினைத்திருக்கும் மண் நமக்கு வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். ஆவணியில் எந்தக் காணியும் மேட்டுக்காணி மாதிரித்தான் தெரியும். மார்கழியில் பார். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டும் பட்ட பாடு உனக்குத் தெரியும். கோரைப்புல் அடர்ந்து நின்றால் தண்ணீர் நிற்கிற இடம். அயல்வீட்டுச் சுவரில் சேற்றுக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்.

தெருக்கரைக் காணி என்றால் ரோட்டுக்கு எவ்வளவு விட்டுக் கட்ட வேண்டும் என்று பிரதேச சபையில் கேட்க வேண்டும். முத்திரை வரிக்கும் காசு ஒதுக்கு: முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம்.

இப்போதைக்கு முற்பணம் எதுவும் அனுப்பாதே. உறுதியையும் நில அளவைப் பிளானையும் எல்லாப் பக்கமும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடு. நாலு எல்லையும் எழுதியிருக்கும் பக்கம் தெளிவாக இருக்கட்டும், அதை வைத்துத்தான் பதிவகத்தில் தேட வேண்டும்.

அன்புடன்,
அக்கா