மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு: பரங்கிமலையில் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன ஜூலையில் என் மகளின் ஞாயிறு வகுப்பைச் சென்னைப் பரங்கிமலைக்கு அழைத்துப் போனார்கள். நானும் துணைக்குப் போயிருந்தேன். படியேறி மூச்சு வாங்க நின்ற இடத்தில் அவள் கேட்டாள்: "தோமா இங்க வந்தார்னு யார் எழுதி வெச்சிருக்காங்க டீச்சர்?" "அதெல்லாம் கேக்கக் கூடாது, நம்பணும்" என்று பதில் வந்தது.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. உயிர்த்தெழுந்த இயேசுவின் ஆணி பாய்ந்த தழும்பில் விரலை விட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அடம்பிடித்த சீடர் தோமாவின் மலை அது!

கி.பி. 52-இல் தோமா கேரளக் கரையின் பழைய முசிறித் துறையில் இறங்கினார், 72-இல் மயிலாப்பூர்ப் பக்கம் ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்பது வழிவழியாக வந்த மரபு. அந்தக் காலத்துக் கல்வெட்டோ ஓலையோ இதற்கு இல்லை. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும்? யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பாடுகிறது. முசிறிக்கு வழி இருந்தது, கப்பலும் இருந்தது. அதில் தோமா ஏறினாரா என்பது வேறு கேள்வி.

'தோமாவின் பணிகள்' என்று மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாக் மொழி நூல் ஒன்று உண்டு. அதில் கொந்தோபர் என்ற மன்னன் அரண்மனை கட்டச் சொல்லிப் பணம் தருகிறான். தோமா அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, உனக்கு வானத்தில் அரண்மனை எழும்பிவிட்டது என்கிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்படியொரு மன்னனே கட்டுக்கதை என்றுதான் நினைத்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கில், காந்தாரப் பக்கம். நம் மயிலாப்பூருக்கும் அதற்கும் வெகுதூரம். அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மலைக்கோயில் பீடத்துச் சிலுவையைத் தோமாவே செதுக்கினார் என்கிறோம். 1547-இல் போர்ச்சுக்கீசியர் அங்கே தோண்டியபோது வெளிப்பட்ட கல் அது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் சிலுவையைச் சுற்றி வளைவாக எழுத்து ஓடும். பாரசீகத்தின் பகலவி எழுத்து, தோமாவுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. தோமாவின் கைபட்டதற்கு அது சான்றாகாது. ஆனால் போர்ச்சுக்கீசியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே ஒரு கிறிஸ்தவச் சபை கும்பிட்டுக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? வெள்ளைக்காரன் கொண்டுவந்த மதம் என்று பள்ளியில் யாராவது சீண்டினால், பிள்ளை கைநீட்டிக் காட்ட ஒரு கல் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவும், தோமா இறந்த இடத்து மண்ணைக் காய்ச்சலுக்கு மருந்தாக எடுத்துப் போனார்கள், கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அங்கே வந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. 'சந்தேகத் தோமா' என்றே சொல்லிச் சொல்லி அவர் பெயரைக் கெடுத்துவிட்டோம். "நாமும் போவோம், அவரோடு சாவோம்" என்று மற்றச் சீடர்களைக் கிளப்பியவரும் அவர்தானே. யோவான் 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

ஜூலை 3, தோமாவின் திருநாள் வருகிறது. இந்த முறை அந்தச் சிலுவை முன்னால் பத்து நிமிடம் கூடுதலாக நிற்க விடுங்கள். என் மகள் நோட்டும் பென்சிலும் எடுத்து வருவாள். அந்த எழுத்தைப் பார்த்து வரையப் போகிறாளாம்.

இப்படிக்கு,
ஒரு தாய்