ராக்கெட் உன்னிடம் வருகிறது

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். குன்னூரில் பத்து நாளாக மூடுபனி. துணியும் காயவில்லை, ஃபெவிகாலும் காயவில்லை. முதல் கவலை உன் அம்மாவுக்கு, இரண்டாவது எனக்கு.

போன தடவை நீ கொண்டுவந்து கொடுத்த எஸ்டெஸ் கம்பெனியின் ஆல்ஃபா பொம்மை ராக்கெட்டைக் கட்டி முடித்துவிட்டேன். முழங்கை நீளம்கூட இல்லை, அதற்கு மூன்று மாதமா என்று அம்மா சிரிக்கிறாள். பால்சா மரத் துடுப்பு மூன்றையும் இரண்டு தடவை செய்ய வேண்டியதாகிவிட்டது. முதல் தடவை, பலகையை மிச்சம் பிடிக்கிறேன் என்று நார் ஓட்டத்தைப் பார்க்காமல் வெட்டிவிட்டேன். நார், துடுப்பின் முன் விளிம்போடு சேர்ந்து ஓட வேண்டும். குழாய்க்கு இணையாக ஓடினால், தரையில் விழும்போது துடுப்பு அடியோடு பிய்ந்துகொள்ளும். முப்பது வருடம் பொம்மை விமானம் சேர்த்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? சேர்ப்பது வேறு, கட்டுவது வேறு போல.

அப்புறம் எஞ்சின். அதை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள் என்று அப்போதே சொன்னாய். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? “அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் இருந்தவர்தானே சார், கொஞ்சம் வெடிமருந்து உருட்டிப் போட்டால் போகாதா?” என்று கேட்டார். அங்கே இருந்ததால்தான் மாட்டேன் என்கிறேன் என்றேன். மருந்து விஷயத்தில் வீட்டு வேலை கூடாது.

எஞ்சின் இருந்தாலும் இங்கே எங்கே விடுவது? எந்தப் பக்கம் விட்டாலும் தேயிலைச் சரிவு. பாராசூட் சில்வர் ஓக் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தப்பித் தோட்டத்துக்குள் விழுந்தால், எடுக்கப் போகிற இடத்தில் காட்டெருமை நிற்கும்.

அதனால் ராக்கெட் உன்னிடமே வருகிறது. எஸ்டெஸ் கம்பெனி 1958-இல் நீ இருக்கிற டென்வரில்தானே ஆரம்பித்தது, பிறந்த ஊருக்கே திரும்புகிறது என்று வைத்துக்கொள். டென்வர் 1,600 மீட்டர் உயரம், நம் குன்னூரைவிடக் கொஞ்சம் தாழ்வு. சமவெளியைவிட அங்கேயும் காற்று லேசு என்பதால் இன்னும் கொஞ்சம் மேலே போகும்.

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், வேறு எதையெல்லாமோ எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பறக்கும் படகு விமானம் ஞாபகம் இருக்கிறதா? எஸ்டேட் பங்களா ஏலத்தில் எடுத்த டிங்கி கம்பெனி உலோகப் பொம்மை, 1937 மாடல். தண்ணீரில் இறங்குகிற விமானம் என்று நான்தான் உனக்குச் சொன்னேன். ஏழு வயது உனக்கு. நீ அதை எடுத்துப்போய்க் குளியலறை அண்டாவில் விட்டாய். மூழ்கிப் போனது. அன்று நான் போட்ட சத்தத்தில் நீ சாப்பிடாமலே படுத்தாய். மறுநாள் அதைத் துடைத்து, பஞ்சு சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

போன மாதம்தான் வெளியே எடுத்தேன். பஞ்சைப் பிரிக்கும்போதே இடது இறக்கை கையோடு வந்துவிட்டது. உடைந்த இடத்தில் பளபளப்பே இல்லை, நமுத்த பிஸ்கட் மாதிரி சாம்பல் நிறத்தில் உதிர்ந்தது. உடம்பு முழுக்கச் சிலந்தி வலை போல விரிசல். போருக்கு முந்தைய டிங்கி விமானங்களில் இது பரவலாக உண்டு. துத்தநாகக் கலவையில் துளி ஈயம் கலந்துவிட்டால் போதும், உலோகம் உள்ளுக்குள்ளேயே வீங்கி விரிசல் விடும். ஈரம் அதை விரைவாக்கும். ஆரம்பித்துவிட்டால் நிறுத்த வழி கிடையாது.

அண்டாத் தண்ணீரால்தான் அது கெட்டிருக்கும் என்று இத்தனை வருடமும் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன் அம்மணி. கணக்கு தப்பு. லிவர்பூலில் வார்த்த அன்றே அதற்குள் நோய் இருந்திருக்கிறது. நீ தொடாமலே இருந்திருந்தாலும் அது இப்படித்தான் ஆகியிருக்கும்.

சரி, ராக்கெட்டுக்கு வருகிறேன். நேராகப் பறக்குமா என்று மொட்டைமாடியில் சுழற்றிப் பார்த்துவிட்டேன். எஞ்சின் எடையோடுதான் பார்க்க வேண்டும். பெரிய எஞ்சின் சி6-5 ஏறக்குறைய 24 கிராம், அதாவது மூன்று பவுன். அளவாகக் காகிதக் குழல் உருட்டி, துருப்பிடித்த ஸ்க்ரூக்களைப் போட்டு, நகைக்கடைத் தராசில் நிறுத்து வாங்கினேன். கடைக்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ராக்கெட் சமநிலையில் நிற்கிற இடத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுற்றினேன். இரண்டு சுற்று தடுமாறியது, அப்புறம் மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு நேராக ஓடியது. எதிர்வீட்டு மாடியில் கைதட்டினார்கள்.

பேத்தியையும் வைத்துக்கொண்டு விடு. முதல் தடவை ஏ8-3 போதும், சி6-5 வேண்டாம். எழுத்து மொத்த சக்தி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அடுத்த எண் சராசரி உந்துவிசை. கடைசி எண், எஞ்சின் அணைந்து எத்தனை நொடி கழித்துப் பாராசூட்டைத் தள்ளும் என்பது. சி போட்டால் முந்நூறு மீட்டர்வரை போகும், காற்று கொஞ்சம் இருந்தாலும் ராக்கெட்டைப் பார்க்க முடியாது. பாராசூட்டை மடிக்கும் முன் முகப் பவுடர் தூவு, ஒட்டிக்கொள்ளாது. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே தீப்பிடிக்காத தாளைக் கசக்கி வைக்க மறக்காதே. காய்ந்த புல் பக்கம் வேண்டாம். ஐந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள், ஏவுகிற பொத்தானின் சாவி உன் பையில் இருக்கட்டும். எண்ணுகிற வேலையைக் குட்டியிடம் கொடு.

வீட்டு அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே. தொலைந்தால் தொலையட்டும். குட்டி கையில் எடுத்து விளையாடினால் சத்தம் போடாதே.

அடுத்த வாரம் கிளம்புகிற பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். வர்க்கிப் பொட்டலங்களுக்கு நடுவில் வைத்திருக்கிறேன், வர்க்கி நொறுங்கினாலும் ராக்கெட் நொறுங்காது. ராக்கெட் பக்கத்திலேயே பார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மூன்று துடுப்பு தனியாக இருக்கும். முதல் தடவையே ஒன்றாவது உடையும்.

அப்பா